இல்லத்தில் பாஸ்குப் பெருவிழா
(சிறுவரை முன்னிட்டு ஒரு வரலாற்றுப் பார்வை)

யூபிலி மலர் என்றதும் கோபுரம் எழும்பிய கதையையும், பீடம் அமைந்த கதையையும் எழுதுவது வழக்கம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால் நம் முன்னோரின் விசுவாசம் நம்மிடம் வந்து சேர்ந்த வழியில் வீட்டுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆகவே, திருவிழாக்களுக்கெல்லாம் திருவிழாவாகிய பாஸ்கு, வீட்டிலே சிறு பிள்ளைகளோடு எவ்வாறு கொண்டாடப்பட்டு வந்தது என்பதை இப்பக்கங்களில் சுருக்கமாகக் காண விழைகின்றோம்.

பாஸ்கு பிறந்த இடமே வீடுதான். யாத்திராகமம் 12-ம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தால், அங்கே ஆலயமும் இல்லை, குருவும் இல்லை. வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டி; நிலைக்கால்களிலே அதன் இரத்தம்; புளியாத அப்பம்; பயணத்திற்கு ஆயத்தமாய் நின்ற குடும்பம். இச்சடங்கின் பொருள் என்னவென்று பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே கட்டளையிடப்பட்டிருக்கிறது. இன்றளவும் யூதக் குடும்பங்களில் பாஸ்கு இரவு விருந்தின்போது வயதில் இளைய பிள்ளையே கேள்வி கேட்டு வரலாற்றைத் தொடங்கி வைக்கிறது. நம் ஆண்டவர் இராவுணவு அருந்தியதும் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில்தான்.

திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகளில் பாஸ்கு இரவு கண்விழிப்பும் ஞானஸ்நானமுமாகக் கழிந்தது. கி.பி. 325-ல் கூடிய நிசேயா சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே நாளில் இவ்விழாவைக் கொண்டாட வேண்டும் என வலியுறுத்தியது. அதே நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குத் திருயாத்திரை சென்ற எஜேரியா என்னும் பெண்மணி, தாம் கண்ட பெரிய வாரத்தைக் குறித்து விரிவாக எழுதி வைத்துள்ளார். குருத்து ஞாயிறு பவனியில் நடக்கத் தெரியாத குழந்தைகளும் பெற்றோரின் தோள்மீது அமர்ந்து, குருத்தோலையும் ஒலிவக் கிளையும் ஏந்தி வந்தனராம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சிறுவர்க்கு அப்பவனியில் இடம் இருந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பின்வந்த காலத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தது. இரவுத் திருவழிபாடு படிப்படியாக முன்னே நகர்ந்து, பெரிய சனி பகலுக்கு வந்துவிட்டது. நண்பகலுக்குப் பின் பூசை செய்யலாகாது என்று 5-ம் பத்திநாதர் 1566-ல் விதித்தபின், அது காலை நேரத்திலேயே நிலைத்தது. இரவைப் போற்றும் பாஸ்காப் புகழுரை பட்டப்பகலில் பாடப்பட்டது! பலருக்கு அதில் பங்குகொள்ள வாய்ப்பும் இல்லை.

அந்நூற்றாண்டுகளில் விழாவின் மகிழ்ச்சியைப் பிள்ளைகளுக்குக் கொண்டு சேர்த்தவை வீட்டு வழக்கங்களே. தபசு காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகள் நோன்பு அறியுமா? முட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றை அவித்து, சாயம் ஏற்றி, பாஸ்கு நாளில் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். 1290-ம் ஆண்டில் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கிலே 450 முட்டைகளுக்கு 18 பென்சு செலவு எழுதப்பட்டிருக்கிறது. கீழைச் சபைகளில் முட்டைக்குச் சிவப்புச் சாயமே சிறப்பு. அது மீட்பரின் இரத்தத்தைக் குறிக்கும். ஓடு உடைவது கல்லறை திறப்பதைக் குறிக்கும். 5-ம் சின்னப்பர் 1614-ல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூலில் முட்டைக்கும் அப்பத்திற்கும் வீட்டுக்கும் தனித்தனி ஆசீர்வாதச் செபங்கள் இடம் பெற்றன. போலந்து நாட்டில் இன்றும் பெரிய சனியன்று அப்பம், முட்டை, உப்பு ஆகியவற்றைக் கூடையில் வைத்துப் பிள்ளைகளோடு கோவிலுக்குச் சென்று மந்திரித்து வருவர். மறுநாள் காலை அந்த முட்டையைப் பகிர்ந்து உண்ட பின்னரே விருந்து தொடங்கும்.

அவ்வளவு தூரம் போவானேன்? மலைக்கு அப்பால் கேரளத்துத் தோமையார் கிறிஸ்தவர்களின் இல்லங்களில் பெரிய வியாழன் இரவு பெசஹா அப்பம் முறிக்கப்படுகிறது. அரிசி மாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்கவிடாமல் செய்த அப்பத்தின் மேல் குருத்தோலைச் சிலுவை வைப்பர். குடும்பத் தலைவர் செபம் சொல்லி, அதை முறித்து, வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த பாலோடு மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசையாகக் கொடுப்பார். அவ்வாண்டில் துக்கம் நிகழ்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பர். துக்க வீட்டுக் குழந்தையும் அப்பமின்றி இருக்காது. ஒரு பிள்ளைக்கு அன்பைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் ஏது?

நம் காலத்திற்கு வருவோம். 12-ம் பத்திநாதர் 1951-ல் பாஸ்குத் திருவிழிப்பை மீண்டும் இரவில் நடத்த அனுமதித்தார். 1956 முதல் அது எங்கும் சட்டமாயிற்று. புதுத் தீயும் பாஸ்காத் திரியும் தமக்குரிய இருளைத் திரும்பப் பெற்றன. இது பெரும் பேறு. எனினும் ஒரு சிறு சங்கடமும் உடன் வந்தது. நள்ளிரவில் அல்லேலூயா முழங்கும்போது சின்னஞ்சிறுசுகள் தாயின் மடியில் தூங்கிப் போகின்றன! கிறிஸ்மசுக்குக் குடிலும் விண்மீனும் வீட்டுக்கு வருகின்றன; குழந்தையின் கண்ணும் கையும் அதில் ஈடுபடுகின்றன. உயிர்த்த ஞாயிறோ பல வீடுகளில் புத்தாடையோடும் பிரியாணியோடும் முடிந்துவிடுகிறது. பெருவிழாவின் பொருள் குழந்தையின் மனத்தில் பதியாது போகுமானால் இழப்பு குழந்தைக்கு மட்டுமன்று, நாளைய பங்குக்கும்தான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் குடும்பத்தை ‘இல்லத் திருச்சபை’ என்று அழைத்தது. பெற்றோரே பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதற் போதகர்கள் என்றும் கூறிற்று. இவ்வுண்மையைக் கண்கூடாகக் காட்டிய ஆண்டு 2020. கொள்ளை நோயால் கோவில்கள் அடைபட்டிருந்த அவ்வாண்டு ஏப்ரல் 12 அன்று உயிர்ப்பு விழா வந்தது. வீட்டு மேசையே பீடம் போலாயிற்று. தந்தை சுவிசேஷம் வாசித்தார். பிள்ளைகள் திரி ஏற்றினர். பாஸ்கு தான் பிறந்த இடத்திற்குத் திரும்பி வந்து போனது போலும்!

கோவில் திறந்திருக்கும் நாளிலும் அதைத் தொடரலாமே. திருவிழிப்பில் ஏந்திய மெழுகுதிரியையும் புதிய தீர்த்தத்தையும் வீட்டுக்குக் கொண்டு வருவோம். ஞாயிறு காலை பிள்ளைகள் விழித்ததும், அவரவர் கையாலே அத்திரியை ஏற்றச் செய்வோம். தீர்த்தம் தொட்டுச் சிலுவை அடையாளம் வரையச் சொல்லி, அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற நாளைச் சொல்லிக் கொடுப்போம். கிறிஸ்மஸ் குடிலுக்குப் பயன்பட்ட மண்ணும் கல்லும் கல்லறை செய்யவும் உதவும். பெரிய வெள்ளியன்று கல்லை வைத்து மூடி, ஞாயிறு காலையில் பிள்ளையே அதைப் புரட்டட்டும். உள்ளே ஏன் யாரும் இல்லை என்று அது கேட்கும். அக்கேள்விக்காகவே இத்தனை ஆயத்தமும். மதலேன் மரியாளின் கதையை அப்போது சொல்லுவோம். விருந்துக்கு அமரும் முன், அவ்வாண்டு துக்கம் கண்ட அயல் வீட்டுக்கு ஒரு பங்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்புவோம்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அரைமணி நேரமும் சற்றுப் பொறுமையும் போதும். நம் பங்கின் அடுத்த யூபிலி மலரை எழுதப் போகிறவர்கள் இன்று நம் மடியில் தூங்கும் குழந்தைகளே. உயிர்த்த ஆண்டவர் அவர்களையும் நம் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக! அல்லேலூயா!