இடைமறிப்பின் வரலாறு: தந்திக் கம்பி முதல் நுண்கட்டுப்படுத்தி வரை

எழுத்துகளை ஒரே கம்பியின் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறை ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழைமை உடையது. அம்முறையே இன்று விரல் நகத்தின் அளவினதாகிய நுண்கட்டுப்படுத்திகளிலும் தொடர்வாயில் என்னும் பெயரோடு நின்று நிலவுகின்றது. அவ்வாயிலை இயக்குதற்குரிய நிரலை எழுதப் புகும் மாணவன் சில விதிகளைக் கற்கின்றான். அவ்விதிகள் யாவரால், எக்காலத்து, எவ்விடர்ப்பாட்டை நீக்குதற்பொருட்டு வகுக்கப்பட்டன என்பதை அவன் அறிவதில்லை. இன்ரறப்ற் என வழங்கும் இடைமறிப்பு முறை, கணினிக்குக் காலத்தை மிச்சப்படுத்திக் கொடுத்து, அதற்கு ஈடாக உறுதிப்பாட்டைப் பறித்துக்கொண்டது. அவ்வுறுதிப்பாடு எங்ஙனம் மீட்கப்பட்டது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாளத்துக்கு அடங்கிய கை

பிரான்சிய தந்தி அலுவலராகிய எமில் போடோ என்பார் 1874ஆம் ஆண்டிலே, ஒவ்வோர் எழுத்தையும் ஐந்து மின்குறிகளாற் குறிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். செய்திக் குறிகளின் வேகத்தை அளக்கும் ‘போட்’ என்னும் அலகு அவர் பெயரால் அமைந்ததே. அவருடைய பொறியில் அனுப்பும் முனையும் பெறும் முனையும் ஒரே தாளத்திற் சுழலவேண்டியிருந்தன. பொறி எழுப்பும் ஓசைக்கு இயைய, உரிய கணத்திலே விசைகளை அழுத்துதல் இயக்குநரின் கடனாயிற்று. மனிதன் பொறியின் தாளத்துக்கு அடங்கி நின்ற காலம் அது.

இந்நிலையை மாற்றியவர்கள் சிக்காக்கோ நகரத்து சாள்ஸ் குறம் என்பாரும் அவர் மைந்தர் ஹவார்ட் குறம் என்பாருமாவர். 1910ஆம் ஆண்டளவில் அவர்கள் உருவாக்கிய முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஒரு தொடக்கக் குறியும் பின்னே ஒரு நிறுத்தற் குறியும் சேர்க்கப்பட்டன. இரு பொறிகளும் இடையறாது ஒத்துச் சுழலவேண்டிய தேவை நீங்கியது. ஓர் எழுத்தின் கால அளவுக்கு மட்டும் அவை ஒத்திருப்பின் அமையும். எழுத்து எக்கணமும் வரலாம் என்னும் நிலை இதனாற் பிறந்தது. இயக்குநருக்கு இது விடுதலை. பெறுபவருக்கோ புதிய சுமை. எப்போது வரும் என அறியாத ஒன்றை எதிர்நோக்கியிருத்தல் இனிப் பெறுபவரின் கடனாயிற்று.

காத்திருத்தலும் கதவு தட்டுதலும்

தொலையச்சுப்பொறியைக் கணினியோடு இணைத்தபோது இச்சுமை முழு உருவிலே வெளிப்பட்டது. 1963இல் வெளிவந்த ஏ.எஸ்.ஆர். 33 என்னும் தொலையச்சுப்பொறி செக்கனுக்கு 10 எழுத்துகளையே அனுப்ப வல்லது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே விற்பனைக்கு வந்த பி.டி.பி. 1 என்னும் கணினி ஒரு கூட்டலை ஒரு செக்கனின் இலட்சத்திலொரு பங்கு காலத்திற் செய்து முடிக்கும். எனவே ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே அக்கணினி 10,000 கூட்டல்களைச் செய்திருக்கலாம். “எழுத்து வந்ததா?” என்று ஓயாது வினவிக்கொண்டே இருப்பின் அவ்வளவு காலமும் வீணாகும். இடையிடையே மட்டும் வினவுவோமெனின், வினவாத வேளையில் வந்த எழுத்து அழிந்துபோகும்.

இவ்விருதலைச் சிக்கலுக்குக் கண்ட தீர்வே இடைமறிப்பு. ஆசிரியர் கரும்பலகையிற் கணக்கெழுதிக்கொண்டிருக்கையில், அலுவலகச் சேவகர் அறிவித்தற் புத்தகத்துடன் வாயிலில் வந்து நிற்கின்றார். ஆசிரியர் எழுதிய வரியை மனத்திற் கொண்டு, புத்தகத்தில் ஒப்பமிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்கின்றார். கணினியும் அங்ஙனமே தன் பணியை நிறுத்தி, தன் நிலையைக் குறித்து வைத்து, வந்த எழுத்தை எடுத்துக்கொண்டு, பழைய பணிக்கு மீள்கின்றது. 1954இல் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகம் அமைத்த டைசியாக் கணினியிலும், 1956இல் வந்த யூனிவக் 1103ஏ கணினியிலும் இம்முறையின் தொடக்கத்தைக் காணலாம்.

அம்ஸ்ரடாமில் எழுந்த அச்சம்

இம்முறையின் உள்ளே பொதிந்திருந்த இடரைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் தலையாயவர் ஒல்லாந்து நாட்டு எட்ஸ்கர் டைக்ஸ்திரா ஆவர். 1957ஆம் ஆண்டளவில் அம்ஸ்ரடாம் கணித நிலையத்தில் எக்ஸ் 1 என்னும் கணினி திட்டமிடப்பட்டுக்கொண்டிருந்தது. அதனை வகுத்த லூப்ஸ்திரா, ஸ்கோல்ரன் என்னும் இருவரும் அதில் இடைமறிப்பைச் சேர்க்க விரும்பினர். அக்கணினிக்கு நிரல் எழுதும் பொறுப்பினரான டைக்ஸ்திராவோ அஞ்சினார்; சில மாதங்கள் அம்முடிவைத் தள்ளிப்போடவும் செய்தார். பின்னாளில் இதனை அவரே நினைவுகூர்ந்து எழுதியுள்ளார்.

அவர் அச்சம் பேதைமை அன்று. அதுகாறும் ஒரு நிரலை ஒரே தரவுகளோடு பன்முறை இயக்கினால் ஒரே விளைவு கிட்டியது. பிழை நேரின் அதே பிழையை மீண்டும் தோற்றுவித்துக் காரணம் காணலாம். இடைமறிப்பு எக்கணத்தில் வருமென்பது நிரல் எழுதுபவன் அறியாததொன்று. எந்தக் கட்டளைக்கும் அடுத்த கட்டளைக்கும் இடையிலும் அது நுழையலாம். ஆகவே ஒரு பிழை ஒருமுறை தோன்றி மறைந்து, பின் பல நாள் தோன்றாதிருத்தல் கூடும். வரலாற்று மாணவர் இவ்விடரை எளிதில் உணர்வர். நிகழ்ந்ததை மீண்டும் நிகழ்த்திப் பார்த்தல் அவர்க்கும் இயலாததன்றோ? எஞ்சிய சான்றுகளையும் தருக்கத்தையும் கொண்டே அவர் உண்மையை நிறுவவேண்டும்.

டைக்ஸ்திராவும் அவ்வழியையே மேற்கொண்டார். சோதித்துப் பார்த்தலால் உறுதி கிட்டாதெனின், சிந்தித்து நிறுவுதலால் உறுதி தேடவேண்டும் எனத் துணிந்தார். எக்ஸ் 1 கணினிக்கு அவர் எழுதிய இடைமறிப்பு நிரலே 1959இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வின் பொருளாயிற்று. பின்னர், ஒருங்கு நிகழும் செயல்களை ஒழுங்குபடுத்துதற்கு, புகையிரதப் பாதையின் கைகாட்டியை ஒத்ததொரு கருவியை அவர் வகுத்தார். 1965இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் இட மற்றவர் எடுக்கும் அளவுபட்ட தேக்கத்தைப் பற்றியும் ஆராய்ந்தார். தொடர்வாயிலின் இயக்குநிரலுக்கு அடிப்படை இதுவே.

விரல்நக அளவிற் கணினி

இதற்கிடையே வன்பொருளும் சுருங்கலாயிற்று. பி.டி.பி. 1 கணினியைத் தந்திக் கம்பிகளோடு இணைத்தற்பொருட்டு கோர்டன் பெல் என்பார் அமைத்த சுற்று, 1971ஆம் ஆண்டளவில் வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனத்தாரால் ஒரே சில்லாக ஆக்கப்பட்டது. யூவாட் என இன்று வழங்குவது அதுவே. 1980இல் இன்ரெல் நிறுவனத்தார் வெளியிட்ட 8051 என்னும் நுண்கட்டுப்படுத்தியில், கணினியும் நினைவகமும் தொடர்வாயிலும் ஒரே சில்லினுள் அடங்கின. அதன் உள்ளார்ந்த மாறு நினைவகம் 128 பைற்று மட்டுமே.

அச்சில்லுக்குப் பலர் 11.0592 மெகாஹேட்ஸ் பளிங்கைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் குறமின் முறையோடு தொடர்புடையது. அவ்வெண்ணை 12ஆல் வகுக்கச் செக்கனுக்கு 921,600 வட்டங்கள் கிடைக்கும். அதனை 3ஆலும் பின் 32ஆலும் வகுப்பின் மிகச் சரியாக 9,600 வரும். முழு எண்ணாகிய 12 மெகாஹேட்ஸைக் கொண்டாலோ 10,416 என வந்து, ஏறத்தாழ நூற்றுக்கு எட்டரை வழு நேரும். தொடக்கக் குறியிலிருந்து எண்ணத் தொடங்கிப் பத்தாவது குறியை அடையுமுன் அவ்வழு அரைக் குறியின் அளவைக் கடந்துவிடும், எழுத்து பிழைபடும்.

9,600 வேகத்தில், தொடக்க நிறுத்தற் குறிகளோடு ஓர் எழுத்துக்குப் பத்துக் குறிகளாக, செக்கனுக்கு 960 எழுத்துகள் வரும். ஓர் எழுத்து வந்து சேர்ந்த பின் ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கனுள் அது எடுக்கப்படாவிடின் அடுத்தது வந்து அதனை அழிக்கும். ஆகவே இடைமறிப்பு நிரல் விரைந்து எழுத்தை எடுத்து வட்டத் தேக்கம் ஒன்றில் இட்டு மீளவேண்டும். முதன்மை நிரல் தனக்கு வாய்க்கும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். 8051இல் எழுத்து வந்ததற்கும் எழுத்து அனுப்பப்பட்டதற்கும் ஒரே இடைமறிப்பு வாயிலே உண்டு. எது நேர்ந்ததெனக் கொடிகளைப் பார்த்து அறிதலும், பார்த்த கொடியை இறக்குதலும் நிரலின் கடன்களாம்.

இரு பிழைகள்

டைக்ஸ்திரா அஞ்சிய பிழை இச்சிறு நிரலில் எங்ஙனம் மறைந்துறைகின்றது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருவாம்.

முதலாவது, எண்ணிக்கை பற்றியது. வந்த எழுத்துகளின் தொகையை இரண்டு பைற்றுகளில் வைத்திருப்பதாகக் கொள்வோம். தொகை 255 ஆக இருக்கையில் முதன்மை நிரல் மேற்பைற்றைப் படிக்கின்றது, அது 0. அக்கணத்தில் இடைமறிப்பு நுழைந்து தொகையை 256 ஆக்குகின்றது. இப்போது மேற்பைற்று 1, கீழ்ப்பைற்று 0. முதன்மை நிரல் மீண்டு கீழ்ப்பைற்றைப் படிக்க, அதுவும் 0. 255 என்றோ 256 என்றோ இருக்கவேண்டிய தொகை 0 எனக் கொள்ளப்பட்டது! இதனாலேயே வட்டத் தேக்கத்தின் இரு சுட்டிகளும் ஒவ்வொரு பைற்றளவில் வைக்கப்படுகின்றன. இடும் சுட்டியை இடுபவர் மட்டுமே மாற்றவேண்டும். எடுக்கும் சுட்டியை எடுப்பவர் மட்டுமே மாற்றவேண்டும் என்பதும் விதியாயிற்று.

இரண்டாவது, அனுப்புதல் பற்றியது. ஓர் எழுத்து அனுப்பி முடிந்தாலன்றி, அடுத்ததை அனுப்பென்னும் இடைமறிப்பு எழாது. ஆகவே வாயில் வாளாவிருக்கும்போது முதல் எழுத்தை முதன்மை நிரலே தள்ளிவிடவேண்டும். முதன்மை நிரல் வாயிலை நோக்கி, அது வேலையில் இருப்பதைக் கண்டு, எழுத்தைத் தேக்கத்தில் இட்டாற் போதுமெனத் துணிகின்றது. இடுவதற்கு முன்னரே இடைமறிப்பு நுழைந்து, தேக்கம் வெறுமையாய் இருப்பதைக் கண்டு, வேலை முடிந்ததெனக் குறித்துச் செல்கின்றது. பின்னர் இடப்பட்ட எழுத்தை அனுப்புவார் எவருமிலர். அது தேக்கத்திலேயே கிடக்கும். நோக்குதலும் இடுதலும் நிகழும் அச்சில மைக்கிரோசெக்கன்களுக்கு மட்டும் தொடர்வாயிலின் இடைமறிப்பை நிறுத்திவைத்தலே பரிகாரம். நீண்ட நேரம் நிறுத்தினால் வரும் எழுத்து அழியுமாதலின் அதற்கும் எல்லை உண்டு.

இத்தகைய பிழை ஆயிரம் சோதனைகளில் ஒருமுறையும் தோன்றாதிருக்கலாம். நோயாளியின் அருகிலுள்ள கருவியிலோ, தொழிற்சாலையின் கொதிகலனை அளக்கும் கருவியிலோ அது ஒருநாள் தோன்றலாம். அன்று அதன் தடயமும் எஞ்சாது.

முடிவுரை

இன்று மாணவர் பலர் ஆயத்தமான நிரற்றொகுதிகளையே கையாளுகின்றனர். 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆடுயினோ பலகை அத்தகைய தொகுதியோடு வருவது. அதிலுங்கூட அனுப்புதல் இடைமறிப்பின் வழியாக நிகழத் தொடங்கியது 2011இல் வெளிவந்த 1.0 பதிப்பிலேயாம். ஆயத்தமானவற்றைப் பயன்படுத்தல் குற்றமன்று. எனினும் அவற்றுள் உறையும் ஒவ்வொரு விதியும் ஓர் அச்சத்தின் விடை என்பதை மறத்தல் குற்றமே.

தாளத்திலிருந்து குறம் தந்த விடுதலை, எதிர்பாராமையைக் கொணர்ந்தது; எதிர்பாராமை இடைமறிப்பைப் பிறப்பித்தது; இடைமறிப்பு உறுதியைக் குலைத்தது. அதனை மீட்டுத் தந்தது விரைவுமிக்க பொறி அன்று. எக்கணத்தில் எது நிகழினும் தன் நிரல் பிழையாது என்பதை எழுதுமுன்னரே ஆராய்ந்து துணியும் ஒழுக்கமே. சோதனையிற் சித்தியடைந்தது என்பதும் சரியானது என்பதும் ஒன்றல்ல. பரீட்சை மண்டபத்தினும் ஆய்வுகூடத்தினும் நம் மாணவர் ஒருங்கே கற்கவேண்டிய பாடம் இதுவாகும்.