டேங்க்: ஊர் சுற்றி வந்த ஒரு சொல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நாம் ஏரி என்று சொல்வதை வெள்ளைக்காரன் 'டேங்க்' என்றுதான் எழுதி வைத்தான். இன்று பேரப்பிள்ளைகளிடம் டேங்க் என்றால் மொட்டை மாடிப் பிளாஸ்டிக் தொட்டியைக் காட்டுவார்கள். இல்லாவிட்டால் பட்டாளத்து டேங்க்.

சொல் பிறந்த இடம் பற்றி இரண்டு கட்சி உண்டு. நீர்த்தொட்டியைக் குறிக்கும் குஜராத்தி, மராத்திச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. குளத்துக்குப் போர்த்துகீசியர் சொல்லும் 'டாங்கே' என்பது மற்றொன்று. 1886ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் இந்த வழக்கு உண்டு. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். இரண்டும் கலந்துதான் ஆங்கிலத்துக்குப் போயிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் கவச வண்டியை ரகசியமாகச் செய்தார்கள். தண்ணீர்த் தொட்டி என்று வெளியில் நினைக்கட்டுமே என்று 'டேங்க்' எனப் பெயரிட்டார்கள். 1916 செப்டம்பர் 15ல் பிரான்சின் சோம் போர்முனையில் அது முதன்முதலாக இறங்கியது. பொய்ப்பெயரே நிலைத்துவிட்டது. 1965ல் நம் ஆவடியிலிருந்தே விஜயந்தா டேங்க் வெளிவந்தது!

என் குறை வேறு. தொட்டிக்கு நாலு சுவரும் குழாயும் போதும். ஏரி அப்படியா? மழைநீர் வந்துசேர வரத்துக்கால், தேக்கக் கரை, வயலுக்கு விட மதகு, மிஞ்சியது வழிய கலங்கல், பாசனத்துக்கு ஆயக்கட்டு. ஓர் ஏரியின் கலங்கல் நீர்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளில் மிஞ்சுவது செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகிறது. அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1ந் தேதி அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டு, அடையாற்றங்கரை என்ன பாடுபட்டது என்பதை மறக்க முடியுமா?

டேங்க் என்ற ஒற்றைச் சொல்லில் இந்த உறுப்புகள் எதுவும் தெரியாது. கோடையில் வந்து பார்ப்பவருக்கு ஏரி வெறும் பொட்டல், வரத்துக்கால் வெறும் பள்ளம். பள்ளத்தைத் தூர்த்துக் காம்பவுண்டு சுவர் எழுப்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

மதகைத் திறந்து மூடியவருக்கு நீர்கட்டி என்று பெயர். அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். உங்கள் ஊரில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள், எந்தக் கலங்கல் எந்த ஏரிக்குப் போனது என்று நினைவிருப்பவர்கள் அவசியம் எழுதுங்கள்.