இரட்டை அடைப்புக்குறி ஏன் வந்தது?

சி மொழியில் 'எக்ஸிட்' எண்ட பங்ஷனைக் கூப்பிட்டால் அது திரும்பி வராது. எழுதுகிற எங்களுக்கு இது தெரியும். கம்பைலருக்கு யார் சொல்லுறது?

1970களின் கடைசியில் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் எழுதிய 'லின்ட்' எண்ட கருவி, கோட்டில் சந்தேகமான இடங்களைக் காட்டித்தரும். 'இந்த இடத்துக்கு ஓட்டம் வராது' எண்டதை அதற்கு ஒரு கொமென்டாக எழுதிச் சொல்லலாம். கொமென்ட்தானே, எந்தக் கம்பைலரும் அதால் குழம்பாது.

1989இல் சி மொழிக்கு முதல் தரநிலை வந்தது. இப்படியான குறிப்புகளுக்கு அதில் இடமில்லை. அதனால் ஆளுக்கொரு வழி பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1987இல் வெளியிட்ட ஜி.சி.சி, பின்னர் 'அற்றிபியூட்' எண்ட சொல்லைக் கொண்டுவந்தது. மைக்ரோசொப்ட்டின் கம்பைலரில் அது 'டெக்ல்ஸ்பெக்'. கருத்து ஒண்டுதான், ஆனால் ஒருவருக்கு எழுதியது மற்றவருக்குப் பிழை.

ஜி.சி.சி காரர் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். அற்றிபியூட்டை எப்பவும் இரட்டை அடைப்புக்குறிக்குள்தான் எழுதவேணும். அன்றைய மக்ரோவுக்கு எத்தனை உள்ளீடு எண்டது முன்கூட்டியே நிச்சயமாக இருக்கவேணும். இரட்டை அடைப்புக்குறி போட்டால் உள்ளே எத்தனை கொமா இருந்தாலும் முழுவதும் ஒரே உள்ளீடுதான். ஆகவே வேறு கம்பைலரில் ஒரே வரி மக்ரோவால் அதை வெறுமையாக்கி விடலாம்.

ஆனால் இங்கதான் ஆபத்தும் இருக்கு. 'நோரிட்டேர்ன்' அழிந்தால் ஒரு எச்சரிக்கை கூடும், அவ்வளவுதான். 'கன்ஸ்ட்ரக்டர்' எண்ட அற்றிபியூட், மெயினுக்கு முன்னமே ஒரு பங்ஷனை ஓடவைப்பது. அது அழிந்தால் கோட் சத்தமில்லாமல் கம்பைல் ஆகும், அந்தப் பங்ஷனோ தானாக ஓடவே ஓடாது.

கிளாங் கம்பைலர் 'இந்த அற்றிபியூட் உன்னிடம் இருக்கா?' எண்டு கேட்க ஒரு வழி தந்தது. 2015இல் ஜி.சி.சி 5உம் அதை ஏற்றது. தரநிலை மெதுவாகத்தான் வந்தது: 2011இல் நோரிட்டேர்னுக்கு ஒரு சொல், பிறகு சி23இல் சி++ பாணியில் இரட்டைச் சதுர அடைப்புக்குறி. தரநிலை தந்த அற்றிபியூட்களைக் கம்பைலர் கவனிக்காமல் விட்டாலும் சரியான புரோகிராமின் அர்த்தம் மாறக்கூடாது எண்டது அதன் விதி.

கன்ஸ்ட்ரக்டர் போன்றவை அந்த விதிக்கு வெளியேதான் இன்றும் நிற்கின்றன. ஆகவே ஒரு அற்றிபியூட்டை மக்ரோவால் அழிக்க முதல் கேளுங்கோ: இது கம்பைலருக்கு ஆலோசனையா, கட்டளையா? ஆலோசனை எண்டால் அழிக்கலாம். கட்டளை எண்டால் பிழை காட்டி நிற்கவிடுங்கோ.