தடை விதித்தவர் யார்?

காதலுக்குத் தடை விதிப்பவர் யார் என்ற வினாவுக்குத் திரைப்படங்கள் நெடுங்காலமாக அளித்துவரும் விடை ஒன்றேயாகும். தந்தையார் தடை விதிப்பார். தாயார் கண்ணீர் உகுப்பார். ஈற்றிலே ஒரு குழந்தை பிறக்கும், அல்லது ஒரு மரணம் நேரும். அதன்பின் யாவரும் ஒன்றுகூடுவர். கொட்டகையை விட்டு வெளியேறுவோர் மனநிறைவோடு வீடு திரும்புவர். குடும்பத்தில் எழுந்த பிணக்கு குடும்பத்துள்ளேயே தீர்ந்துவிட்டது. உலகத்தில் மாற்ற வேண்டியது எதுவுமில்லை.

2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'எ யுனைற்றெட் கிங்டம்' என்னும் ஆங்கிலப் படத்தை அண்மையில் எமது உயர்தர வகுப்பு மாணவர்க்குக் காட்டினோம். அம்மா அசாந்தே என்ற பெண்மணி இயக்கிய படம் அது. டேவிட் ஒயலோவோவும் ரொசமண்ட் பைக்கும் தலைமைப் பாத்திரங்களை ஏற்றிருக்கின்றனர். ஆபிரிக்கக் குலத்தலைவன் ஒருவனும் இலண்டனில் எழுதுவினைஞராக வேலை செய்த வெள்ளைப் பெண்ணொருத்தியும் மணந்துகொள்கின்றனர். பெண்ணின் தந்தை சினக்கிறார். ஆணை வளர்த்த சிறிய தந்தையும் சினக்கிறார். பிரிவும் துயரமும் தொடர்கின்றன. முடிவில் உறவு மலர்கிறது. படம் முடிந்ததும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தச் சித்தப்பா கடைசியில் ஏன் மனம் மாறினார்?" என்று கேட்டாள். "பாசந்தான், வேறென்ன?" என்று பின்வாங்கிலிருந்து ஒருவன் விடை பகர்ந்தான். வகுப்பு சிரித்தது, மணியும் அடித்துவிட்டது. அவ்வினாவுக்கு உரிய விடையை அன்று நாம் கூறவில்லை. வரலாற்றை மீண்டும் புரட்டிப் பார்த்தபோது, அச்சிறுமியின் வினா நாம் எண்ணியதிலும் ஆழமானது என்பது புலனாயிற்று.

படத்தின் நாயகன் கற்பனைப் பாத்திரமல்லன். செரெட்சே காமா 1921ஆம் ஆண்டு, இன்று பொட்ஸ்வானா எனப்படும் பெச்சுவானாலாந்திலே, செரோவே என்ற ஊரிற் பிறந்தவர். பமங்வாத்தோ என்பது அந்நாட்டின் பெருங்குலம். அதன் தலைவராயிருந்த தந்தையார் 1925இல் இறந்தபோது செரெட்சேக்கு வயது நான்கு. தந்தையின் இளைய சகோதரரான செகெடி காமா, கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வந்து, குழந்தைக்காகக் குலத்தின் பொறுப்பை ஏற்றார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பொறுப்பைச் சுமந்தவர் அவர். செரெட்சேயைக் கல்வி கற்க அனுப்பிவைத்தவரும் அவரே. தென்னாபிரிக்காவின் போட் ஹெயர் கல்லூரியிற் பட்டம் பெற்ற செரெட்சே, 1945இல் ஒக்ஸ்போட்டுக்கும் அதன்பின் சட்டம் பயில இலண்டனுக்கும் சென்றார்.

ரூத் வில்லியம்ஸ் 1923இற் பிறந்தவர். இந்தியாவில் ஆங்கிலப் படையிற் பணியாற்றி, பின்னர்த் தேயிலை வர்த்தகத்தில் ஈடுபட்ட ஒருவரின் மகள். போர்க்காலத்தில் விமானப்படையின் மகளிர் பிரிவில் அம்புலன்ஸ் வண்டி ஓட்டியவர். 1947இல், மிஷன் சங்கம் ஒன்றின் நடன நிகழ்ச்சியிலே, தமக்கு உடன்பிறந்தவளான மியூரியலின் மூலம் அவர் செரெட்சேயை அறிந்துகொண்டார். மறுவருடம் மணம் செய்துகொள்ள இருவரும் முடிவுசெய்தனர்.

தடைகள் அணிவகுத்து வந்தன. ரூத்தின் தந்தை ஏற்கவில்லை. செகெடி ஏற்கவில்லை, இலண்டனிலுள்ள செல்வாக்குடையோர் மூலம் மணத்தைத் தடுக்க முயன்றார். திருமணத்தை நடத்த ஒப்புக்கொண்டிருந்த பாதிரியார் பின்வாங்கினார். இலண்டன் மேற்றிராணியாரோ அரசாங்கம் இசைந்தாலன்றித் தாம் இசைய முடியாது என்றார். ஆண்டவனின் சந்நிதியில் நிகழவேண்டிய மணத்துக்கு மந்திரியின் அனுமதி வேண்டும் என்பதே இதன் பொருள். ஈற்றில் 1948 செப்டெம்பர் 29ஆம் தேதி, கென்சிங்ரன் பதிவாளர் காரியாலயத்தில் இருவரும் மணமக்களாயினர்.

இங்கு செகெடியைப் பற்றி ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். படத்தில் அவரைப் பிடிவாதம் மிக்க முதியவராகவே எமது மாணவர் கண்டனர். ஆயின் அவர் வெள்ளையரின் கையாள் அல்லர். 1933இல் குற்றமிழைத்த வெள்ளையன் ஒருவனைக் குலத்தின் மன்றிலே விசாரித்துக் கசையடி விதித்தமைக்காக, ஆங்கில அரசு கேப் துறைமுகத்திலிருந்து கடற்படையினரைப் பீரங்கிகளுடன் அனுப்பி அவரைச் சிலகாலம் பதவிநீக்கியது. தென்மேற்கு ஆபிரிக்காவைத் தென்னாபிரிக்கா விழுங்க முயன்றபோது அதனை எதிர்த்துக் குரல் எழுப்பியவரும் அவரே. தலைவனின் மணம் தனிமனிதனின் விவகாரமன்று, குலத்தைக் கலந்தே அது முடிவாதல் வேண்டும் என்பது அவர் கட்சி. அதனுள்ளே மரபின் இறுக்கமும் உண்டு. அயலிலுள்ள தென்னாபிரிக்கா இம்மணத்தைச் சாட்டாக வைத்து நாட்டைக் கவர்ந்துகொள்ளுமோ என்ற நியாயமான அச்சமும் உண்டு.

செரெட்சே நாடு திரும்பித் தமது வழக்கை மக்கள் முன் வைத்தார். அம்மக்களின் பொதுமன்றுக்குக் 'கொட்லா' என்று பெயர். பழந்தமிழ்ச் செய்யுள்கள் கூறும் ஊர்மன்றத்தை நினைவூட்டும் திறந்தவெளிச் சபை அது. 1948 நவம்பரிலும் டிசெம்பரிலும் கூடிய சபைகள் மணத்தை ஏற்கவில்லை. செரெட்சே மனந்தளரவில்லை, அவர்கள் கருத்தை இகழவுமில்லை, மீண்டும் மீண்டும் வாதாடினார். 1949 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் கூடிய மூன்றாவது சபையில், தம்மை எதிர்ப்போர் எழுந்து நிற்குமாறு கேட்டார். சிறுதொகையினரே எழுந்தனர். ஆதரிப்போர் எழுக என்றதும் சபை முழுவதும் ஆரவாரித்து எழுந்தது. செகெடி தோல்வியை உணர்ந்து, தம்மைச் சார்ந்தோருடன் அயற்குலத்தின் நிலத்துக்கு வெளியேறினார்.

மணம் நிகழ்ந்து ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில், கல்வியறிவற்றோர், பழமையில் ஊறியோர் என்று ஆட்சியாளர் ஏளனம் செய்த மக்கள், வெள்ளைப் பெண்ணொருத்தியைத் தமது தலைவனின் துணைவியாக ஏற்றுக்கொண்டுவிட்டனர். குடும்பக் கதையாயின் இங்கேயே முடிந்திருக்கும். வரலாறோ இங்கேதான் ஆரம்பிக்கின்றது.

1948 மே மாதம் தென்னாபிரிக்காவில் மலானின் தேசியக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியிருந்தது. மறுவருடமே வெள்ளையருக்கும் ஏனையோருக்கும் இடையிலான மணத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. தனது எல்லைக்கு அப்பால், ஒரு நாட்டின் தலைவனே வெள்ளைப் பெண்ணை மணந்து, மக்களின் ஏகோபித்த ஆதரவோடு ஆட்சிபுரிவதைப் பிரெட்டோரியா எங்ஙனம் பொறுக்கும்? தென்னாபிரிக்காவின் எதிர்ப்பு இலண்டனுக்கு எட்டியது. தென் ரொடீசிய வெள்ளையரும் அதே குரலில் எதிர்த்தனர்.

அப்போது இலண்டனில் ஆட்சி நடத்தியது தொழிற்கட்சி என்பதை நாம் மறத்தலாகாது. இனசமத்துவம் பேசிய அக்கட்சியின் மந்திரிமார் எதற்காக மலானுக்கு அஞ்சினர்? போரினாற் கடனாளியான பிரித்தானியாவுக்குத் தென்னாபிரிக்கத் தங்கம் தேவைப்பட்டது. அணுகுண்டு செய்ய முனைந்த பிரித்தானியாவுக்குத் தென்னாபிரிக்க யுரேனியமும் தேவைப்பட்டது. இவற்றோடு, பெச்சுவானாலாந்து உள்ளிட்ட மூன்று நாடுகளைப் பிற்காலத்திலே தென்னாபிரிக்காவுடன் இணைப்பதற்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்திருந்தது. பெச்சுவானாலாந்தின் நிர்வாகத் தலைமையிடமான மாபெக்கிங் தென்னாபிரிக்க மண்ணிலேயே இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. இந்நிலையில் ஓர் இளந்தம்பதியரின் இல்லறம் வல்லரசுகளின் பேரத்திலே ஒரு சில்லறை நாணயமாயிற்று.

1949இன் இறுதியில் நீதிபதி ஹரகின் தலைமையில் விசாரணை நடந்தது. செரெட்சே தலைமைக்குத் தகுதியுடையவர் என்றே அறிக்கை கூறியது. ஆயினும் தென்னாபிரிக்காவும் ரொடீசியாவும் விரும்பாமையால் அவரை அங்கீகரித்தலாகாது என்றும் கூறியது. உண்மையை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவிட்டமையே அவ்வறிக்கையின் குற்றமாயிற்று. அரசாங்கம் அதனை மறைத்தது. மந்திரி கோடன் வோக்கர், தென்னாபிரிக்காவுக்கும் இம்முடிவுக்கும் தொடர்பில்லை என்று சாதித்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்வரை அவ்வறிக்கை வெளிச்சம் காணவில்லை.

1950இல் செரெட்சேயை இலண்டனுக்கு அழைத்து, ஆண்டுக்கு 1,100 பவுண் தருகிறோம், தலைமையை விட்டுவிடு என்றனர். அவர் மறுத்தார். ஐந்தாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. சூழ்ச்சியை முன்னரே ஐயுற்ற ரூத், கருவுற்றிருந்த நிலையிலும் கணவனுடன் புறப்படாது செரோவேயிலேயே தங்கியிருந்தார். அரச ஆணையை மக்களுக்கு அறிவிக்க ஹைக்கமிஷனர் பேரிங் செரோவேக்கு வந்து கொட்லாவைக் கூட்டினார். ஒருவரும் வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் எழுந்து ஆதரவு நல்கிய ஊரிலே, பேரரசின் பிரதிநிதி வெறுமையான மன்றைக் கண்டு திரும்பினார். எமது நெஞ்சை மிகத் தொட்ட வரலாற்றுக் காட்சி இதுவே.

ஆட்சியாளர் செகெடியையும் விட்டுவைக்கவில்லை. குலநிலத்துள் நுழைய அவருக்கும் தடை விதிக்கப்பட்டது. மருமகளை ஏற்ற மகனும் வெளியே. ஏற்காத சிறிய தந்தையும் வெளியே. அதிகாரம் முழுவதும் வெள்ளை உத்தியோகத்தர் கையிலே!

எதிர்க்கட்சியில் இருந்தபோது சர்ச்சில் இவ்விவகாரத்தை இழிசெயலெனக் கண்டித்தார். 1951இல் அவரது கட்சி ஆட்சிபீடம் ஏறியது. 1952இல் நாடுகடத்தல் நிரந்தரமாக்கப்பட்டது. இலண்டனுக்குச் சென்று முறையிட்ட பமங்வாத்தோ தூதுக்குழு வெறுங்கையுடன் திரும்பியது. செரோவேயிற் கலகம் மூண்டது; பெண்களும் முன்னின்றனர்; பொலிசார் மூவர் மாண்டனர். வேறொரு தலைவரைத் தெரிவுசெய்ய மக்கள் பிடிவாதமாக மறுத்தனர்.

படத்திலே பெச்சுவானாலாந்தில் வைரம் தேடும் கிளைக்கதை ஒன்று வருகிறது. உண்மையில் ஒராப்பாவில் வைரம் கண்டறியப்பட்டது 1967இல், நாடு விடுதலை பெற்ற மறுவருடத்திலேயாகும். கலைஞருக்குள்ள உரிமை என்று இதனை ஒதுக்கிவிடலாம். எனினும் இவ்வரலாற்றை நடத்திய கனிமங்கள் தென்னாபிரிக்கத் தங்கமும் யுரேனியமும் என்பதை நினைவிற் கொள்ளாவிடில், ஆணவம் பிடித்த சில உத்தியோகத்தரின் குணக்கேடாகவே இக்கொடுமை தோற்றும். குணமுள்ள உத்தியோகத்தரும் இதனையே செய்திருப்பர்; ஏனெனில், அந்த இயந்திரம் அப்படி அமைந்தது.

இனி அம்மாணவியின் வினாவுக்கு வருவோம். சிறிய தந்தை ஏன் மனம் மாறினார்?

பாசம் இருந்தது, அதனை மறுப்பாரில்லை. ஆயின் பாசம் 1948இலும் இருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் செகெடி கற்றுக்கொண்டது வேறொன்று. தாமும் செரெட்சேயும் பிரிந்து நின்ற ஒவ்வொரு நாளும் இலாபம் அடைந்தவர் மூன்றாமவரே. தலைவனில்லாத குலம் தனது நிலத்தையோ கனியவளத்தையோ பற்றிப் பேரம்பேச இயலாது நின்றது. பெண் யார், நிறம் என்ன என்ற வழக்கிலே நாடு கைநழுவிக்கொண்டிருந்தது. 1956இல் இலண்டனில் இருவரும் உடன்பாட்டுக்கு வந்தனர். தலைமைப் பதவிக்கான உரிமையை இருவருமே கைவிட்டனர். செரெட்சே எட்டு ஆண்டுகள் போராடிய உரிமை அது. செகெடி வாழ்நாளெல்லாம் காத்த உரிமையும் அதுவே. அவ்வாண்டு ஒக்டோபரில் செரெட்சே சாதாரணக் குடிமகனாக நாடு திரும்பினார். பின்னர் ரூத்தும் குழந்தைகளும் வந்து சேர்ந்தனர். இருவரும் குலத்தின் சபையிலே ஒன்றாகப் பணியாற்றினர். கனிய அகழ்வு பற்றி 1959இல் ஏற்பட்ட ஒப்பந்தத்துக்குச் செகெடியின் உழைப்பு பெரிது. அவ்வாண்டு ஜூனில் அவர் காலமானார்.

முடியைத் துறந்தவரை மக்கள் வேறு வழியிலே தேடினர். செரெட்சே நிறுவிய கட்சி 1965 தேர்தலில் வென்றது. 1966 செப்டெம்பர் 30ஆம் தேதி பொட்ஸ்வானா விடுதலை பெற்றது. அவர் முதல் ஜனாதிபதியானார். 1980இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அவர் சோசலிசவாதியல்லர், வைரச் சுரங்கங்களில் டி பியர்ஸ் கம்பனியுடன் கூட்டுச் சேர்ந்தவர். இக்குறையை மறைப்பது எமது நோக்கமன்று. எனினும், நிறவெறி அரசின் வாயிலிலே, தேர்தலால் அமைந்த நிறபேதமற்ற குடியரசொன்றை அவர் நிலைநிறுத்தினார். அந்நாட்டின் கொடியில் கருமையும் வெண்மையும் அருகருகே நிற்கின்றன. அவர் மணத்தை ஏற்க மறுத்த தென்னாபிரிக்கா, தனது கலப்புமணத் தடைச் சட்டத்தை 1985இலேயே நீக்கியது. ரூத் கணவர் இறந்த பின்னரும் அந்நாட்டிலேயே வாழ்ந்து 2002இல் மறைந்தார்.

நமது அகப்பாடல்களிலும் உடன்போக்கு உண்டு. சுற்றத்தாரின் சினமும் உண்டு. ஆனால் அங்கே அரசன் குறுக்கிடுவதில்லை. தற்கால ஏகாதிபத்தியமே காதலர்க்கிடையே மந்திரிசபைத் தீர்மானத்தைக் கொண்டுவந்து வைத்தது. தடை எழும்பும் இடமெல்லாம், தடுப்பவர் முகத்தை மட்டும் பாராது, அத்தடையினால் யாருடைய காணியும் கருவூலமும் காக்கப்படுகின்றன என்று கேட்க நம் மாணவர் பழகுதல் வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்புக்குச் சென்றபோது அம்மாணவிக்கு இவற்றையெல்லாம் கூறினோம். இறுதியாக ஒரு செய்தியையும் சேர்த்துக்கொண்டோம். 1958இல் செரெட்சேக்கும் ரூத்துக்கும் இரட்டை ஆண்குழந்தைகள் பிறந்தனர். ஒருவனுக்கு, தமது நாடுகடத்தலை எதிர்த்துக் குரல்கொடுத்த ஆங்கில நண்பர் டோனி பென்னின் பெயரை இட்டனர். மற்றவனுக்கு இட்ட பெயர் செகெடி. ரூத்தின் மகன், ரூத்தை ஏற்க மறுத்தவரின் பெயரைத் தாங்கினான்.

"அப்படியென்றால் அவன்தான் சரியாகச் சொன்னான், ஐயா, பாசமும் இருந்திருக்கிறது" என்றாள் அவள், பின்வாங்கைத் திரும்பிப் பார்த்து. இருந்தது என்று ஒப்புக்கொண்டோம். இருவரும் தமது பொது எதிரியை இனங்கண்ட பின்னரே அப்பாசத்துக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது.