சின்னம்மையும் சாத்திய கதவும்

கடந்த தவக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். கைம்பெண். கூலி வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள் ஏழு பேரைத் தம் இரண்டறை வீட்டில் பகல் முழுதும் பார்த்துக்கொள்பவர்.

“சாமி, ஒரு பையனுக்கு முதுகிலே நாலஞ்சு முத்து போட்டிருக்கு. அவனை உள்ளே விடாதீங்கன்னு மத்த தாய்மாருங்க சொல்றாங்க. அவன் அம்மா வேலைக்குப் போகலேன்னா அடுப்பு எரியாது. நான் கதவைச் சாத்தட்டுமா, திறந்து வைக்கட்டுமா?”

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. இறையியல் பயின்ற எனக்கு அம்மை நோய் பற்றி என்ன தெரியும் என்று முதலில் எண்ணினேன். பின்னர்தான், குருமடத்தில் நாங்கள் சலிப்போடு விரைந்து கடந்துவிட்ட ஒரு பகுதி நினைவுக்கு வந்தது. லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரம் தோல் நோய்களைப் பற்றியது. ஐயத்திற்குரிய புண் உடையவரைக் குரு ஏழு நாள் தனியே வைக்க வேண்டும். ஏழாம் நாள் அவரே மீண்டும் பார்க்க வேண்டும். தெளிவில்லையெனில் இன்னும் ஏழு நாள். அடுத்த அதிகாரத்தில், நோய் நீங்கியவரைக் காணக் குருவே பாளையத்துக்கு வெளியே செல்ல வேண்டும் என்றும் விதிக்கப்பட்டுள்ளது. பிரித்து வைக்கும் கடமை எவருக்கோ, தேடிச் செல்லும் கடமையும் அவருக்கே! வரலாற்றில் முதற்கடமையை நினைவில் வைத்த அளவுக்கு இரண்டாவதை நாம் நினைவில் வைத்தோமா?

சின்னம்மையின் வரலாறே இவ்வினாவுக்கு நல்ல விளக்கம் எனலாம். பல நூற்றாண்டுகளாக மருத்துவர் பலர் இதனைப் பெரியம்மையின் மெலிந்த வடிவம் என்றே கருதினர். 1767-இல் வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர், இலண்டன் மருத்துவர் கல்லூரியில் வாசித்த கட்டுரையில் இவை வெவ்வேறு நோய்கள் என்று தெளிவாக்கினார். அவருடைய கவலை ஏட்டளவினதன்று. சின்னம்மை கண்டு எழுந்தவர், தமக்குப் பெரியம்மை வந்து போயிற்று என நம்பி, பெரியம்மை கண்ட வீட்டுக்குள் அஞ்சாமல் நுழைந்துவிடுவரே என்பதுதான் அவரை எழுதத் தூண்டிற்று. தவறான பெயர் தவறான துணிவைத் தந்தது. ஆயினும் நூறாண்டு கழிந்த பின்னும், வியன்னாவின் புகழ்பெற்ற தோல் மருத்துவர் ஹெப்ரா இரண்டும் ஒன்றே என வாதிட்டு வந்தார்.

நம் நாட்டிலோ அதே மயக்கம் தவறான அச்சத்தைத் தந்தது. பெரியம்மை உயிரையும் கண்ணையும் பறித்த கொடுநோய். அதனை ஒழிக்க வீடு வீடாகச் சென்ற பணியாளர்கள் இரண்டையும் பிரித்தறியக் கற்பிக்கப்பட்டனர். பெரியம்மை முகத்திலும் கைகால்களிலும் மிகும். கொப்புளங்கள் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மை மார்பிலும் முதுகிலும் மிகும். புதிய சிவப்பும் நீர்க்கொப்புளமும் காய்ந்த பொருக்கும் ஒரே நேரத்தில் காணப்படும். 1975-க்குப் பின் இந்திய மண்ணில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று, ‘அம்மை’ என்ற சொல்லோடு அதன் அச்சம் மட்டும் நம் தெருக்களில் தங்கிவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. பெரியவர்களுக்கு அக்கி கண்ட வீடுகளில் பின்னர்ப் பிள்ளைகளுக்குச் சின்னம்மை வருவதை, 1892-இல் புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர் போக்காய் எடுத்துக்காட்டினார். இரண்டுக்கும் ஒரே கிருமியே காரணம் என்பதை 1950-களில் அமெரிக்க அறிஞர் தாமஸ் வெல்லர் ஆய்வகத்தில் மெய்ப்பித்தார். சின்னம்மை ஆறிய பின்னும் கிருமி நரம்புகளில் உறங்கிக் கிடந்து, பல்லாண்டு கழித்து அக்கியாக எழுகிறது. குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் தாத்தாவும், வேப்பிலைமேல் படுத்திருக்கும் பேரனும் ஒரே நோயின் இரு முனைகள்!

1964-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷியின் இளமகனுக்குச் சின்னம்மை கண்டது. காய்ச்சல் கடுமையாகி மூச்சும் திணறிற்று. பெற்றோர் இரவும் பகலும் அருகிருந்து காத்தனர், பிள்ளை பிழைத்தான். அத்தகப்பன் தாயகம் திரும்பி, இந்நோய்க்குத் தடுப்பூசி காண்பதில் உழைத்தார். 1974-இல் வெளியான அவரது ஆய்வு, மருத்துவமனையின் பிள்ளைகள் பகுதியில் சின்னம்மை பரவாமல் அத்தடுப்பூசி தடுத்ததைக் காட்டிற்று. ஒரு கட்டிலருகே விழித்திருந்த அன்பு, பல நாட்டுப் பிள்ளைகளின் காப்பாயிற்று.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இந்நோய் தொற்றும். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். தொற்றியவருக்கு 10 முதல் 21 நாளுக்குள் நோய் வெளிப்படும். ஒரே வீட்டில் இருப்பவருள், முன்பு நோய் காணாதவரும் தடுப்பூசி பெறாதவரும் பத்தில் ஒன்பது பேர் வரை பாதிக்கப்படலாம். ஆகவே, முத்தைக் கண்டபின் பிள்ளையைத் துரத்துவதால் மற்ற ஆறு பேரும் தப்பிவிடுவதில்லை. கதவைச் சாத்துமுன்பே விருந்தாளி உள்ளே வந்து அமர்ந்துவிட்டான். ஆயினும் பொருக்குக் காயும்வரை பிள்ளையை வீட்டில் வைப்பது இன்றியமையாதது. கருவுற்ற பெண்களும் பச்சிளங் குழந்தைகளும் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களும் உள்ள உலகம் இது. அவர்களுக்கு இந்நோய் சிறியதன்று.

நம் முன்னோர் வழக்கத்தில் அறிவில்லாமல் இல்லை. வாயிலில் செருகிய வேப்பிலை, வருவோரை நிறுத்தும் அறிவிப்பு. பொருக்கு உதிரும் வேளையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, பிரிவு முடிந்தது என்பதற்கு அடையாளம். ஆனால் மருந்து கொடுக்கலாகாது, மருத்துவரிடம் காட்டலாகாது என்னும் தடை உயிரோடு விளையாடுவதாகும். அது கத்தோலிக்க வீடுகளிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம்.

மருந்தகத்துச் செவிலியரான அருட்சகோதரி வந்து வழி சொன்னார். நகங்களை வெட்டுக, மெல்லிய பருத்தி உடை உடுத்துக, மென்மையாகக் குளிப்பாட்டலாம், கஞ்சியும் மோரும் இளநீரும் நிறையக் கொடுக்க, காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும் கொடிய நோய்க்கு வழிவிடக்கூடும். மூச்சுத் திணறல், ஓயாத வாந்தி, எழுப்பியும் தெளியாத மயக்கம், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்த வீக்கம் ஆகியவற்றைக் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்க.

சிறுவன் தன் வீட்டிலேயே இருந்தான். சிறுவயதில் சின்னம்மை கண்டிருந்த இரு பெண்கள் எங்கள் அன்பியத்திலிருந்து முறைவைத்து அவனோடு தங்கினர். தாய்க்கு ஒரே ஒரு நாள் கூலிதான் போயிற்று. அம்மையாரின் வீடு மற்ற ஆறு பேருக்கும் திறந்திருந்தது. புதிய பிள்ளைகளை மட்டும் அவர் 21 நாள் சேர்க்கவில்லை. அத்தாய்மாருள் கருவுற்றிருந்த ஒருவர் அன்றே மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். அவருக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருப்பதாக இரத்தச் சோதனை காட்டிற்று. இரண்டு வாரத்தில் மேலும் இரு பிள்ளைகளுக்கு முத்து கண்டது. இம்முறை எவரும் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. யார் முறை என்றே கேட்டனர்.

ஏழாம் நாள் மாலை நான் அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். இளமையில் நோய் கண்டவனாதலால் எனக்கு அச்சமில்லை. அவன் கையை நீட்டி, “எல்லாம் காஞ்சிருச்சு சாமி” என்றான். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாத்த வேண்டிய கதவுகள் உண்டு. அவற்றைச் சாத்துபவர், ஏழாம் நாள் தாமே சென்று தட்டவும் கடன்பட்டவர்.