இரட்டிப்பைத் தாண்டும் வட்டி: 1938-இன் சட்டமும் இன்றைய கடன் அட்டையும்

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என நீளும் நம் வட்டாரத்துக்குக் கடன் புதிதன்று. மானாவாரிப் பருத்தியை நம்பி வாழ்ந்த காலத்திலும், தறியை நம்பி வாழ்ந்த காலத்திலும், 1936-இல் ராஜபாளையத்தில் நூற்பாலை எழுந்து மாதச் சம்பளம் என்ற ஒன்று அறிமுகமான பின்னும், வரவுக்கும் செலவுக்கும் இடையிலிருந்த பள்ளத்தைக் கடனே நிரப்பி வந்தது. அன்று கடன் கொடுத்தவருக்கு முகம் இருந்தது. இன்று அது சட்டைப்பையில் அட்டையாக இருக்கிறது. இந்த மாற்றத்தின் வரலாற்றைச் சற்று அறிந்துகொண்டால், அட்டைக் கடனில் சிக்கிய குடும்பங்கள் எங்கே நிற்கின்றன என்பது தெளிவாகும் என எண்ணுகிறோம்.

சென்னை மாகாணத்து உழவர்களின் கடன் ஏறத்தாழ 45 கோடி ரூபாய் என 1895-இல் ஃபிரடெரிக் நிக்கல்சன் மதிப்பிட்டார். 1935-இல் சத்தியநாதன் அறிக்கை அதை 200 கோடி என்றது. இடையில் வந்த உலகப் பொருளாதார மந்தம் விளைபொருளின் விலையைச் சரித்துவிட்டது. பத்திரத்தில் எழுதிய தொகையோ சரியவில்லை. ஒரு மூட்டை விற்று அடைக்க வேண்டிய கடனுக்கு இரு மூட்டை விற்க வேண்டியதாயிற்று. வட்டி கட்ட மறுபடியும் கடன், அதற்கும் ஒரு பத்திரம் என்று அது வளர்ந்தது.

இந்நிலையில்தான் ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1938 மார்ச்சில் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியானது. அசல் மட்டுமே பாக்கி. முதலாகவோ வட்டியாகவோ அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வட்டி அசலுக்கு மேல் வளரக்கூடாது என்ற ‘தாம்துபத்’ எனும் பழைய இந்து மரபின் நிழல் இதில் உண்டு. நம் மார்க்கம் இன்னும் முன்னே சென்று, அசல் மட்டுமே கொடுத்தவருக்கு உரியது என்றது. ஹிஜ்ரி 10-இல் இறுதி ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்கள் வட்டியை ஒழித்து அறிவித்தார்கள். முதலில் தள்ளுபடி செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியைத்தான்.

1938-இன் சட்டத்துக்கு ஒரு குறை இருந்தது. ‘விவசாயி’ என்ற வரையறைக்குள் வராதவருக்கு அது உதவவில்லை. நிலமற்ற நெசவாளியும் சில்லறை வணிகரும் வெளியே நின்றனர். தமிழக அரசு 2003-இல் கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டம், நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடுத்தது. தெருவில் வழங்கிய சொற்கள் அப்படியே சட்டப் புத்தகத்தில் ஏறியது அரிது.

வங்கிகள் தரும் கடன் அட்டை இந்த வேலிக்குள் வருவதில்லை. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் அட்டை வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. ஆக, உழவருக்கு 1938-இல் கிடைத்த உச்சவரம்பு அட்டைதாரருக்கு இன்று இல்லை.

இதன் பொருளைக் கணக்கில் பார்ப்போம். 50,000 ரூபாய் நிலுவை, மாதம் 3.5 விழுக்காடு வட்டி. வட்டி 1,750, அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 315, மொத்தம் 2,065. நீங்கள் 2,500 கட்டினால் அசலில் குறைவது 435 மட்டுமே. மாதந்தோறும் அதே 2,500 கட்டி வந்தால் கடன் தீர 44 மாதங்களாகும். கட்டிய தொகை ஏறத்தாழ 1,08,000. அசலைப் போல் இரு மடங்குக்கும் அதிகம்! 1938-இல் இப்படிக் கட்டிய ஓர் உழவர், கடனே இல்லாதவராக நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்திருப்பார். அதே குடும்பம் மாதம் 5,000 கட்டினால் 14 மாதங்களில், ஏறத்தாழ 66,000 ரூபாயுடன் விடுபடுகிறது. இடையிலுள்ள 42,000 ரூபாய், வீட்டுச் செலவிலிருந்து மாதம் 2,500 கூடுதலாக ஒதுக்க முடிந்ததா இல்லையா என்பதன் விலை.

அந்த 2,500-ஐ எங்கே தேடுவது என்பதற்குமுன், கடன் எவ்வளவு என்பதை வீட்டார் அறிய வேண்டும். இங்கே ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வீட்டு வரலாறு நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 36-இல் ஜமல் போர் நாளில், தம் பெருங்கவலை கடன்தான் என்று மகன் அப்துல்லாஹ்விடம் அவர்கள் கூறியதை புகாரீ பதிவு செய்கிறது. மக்கள் அமானத்தாகக் கொடுக்க வந்த பணத்தை, தொலைந்துவிடுமோ என அஞ்சிக் கடனாகவே பெற்றுக்கொண்டதால் சேர்ந்த கடன் அது. மகன் கணக்கிட்டபோது 22 லட்சம் வந்தது. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) கேட்டபோது மகன் முதலில் ஒரு லட்சம் என்றே சொன்னார். அதற்கே சொத்துப் போதாதே என்று ஹகீம் கவலைப்பட்ட பின்னர்தான், 22 லட்சமாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்றார். கடன் தொகையைச் சொல்ல நா எழாத நிலை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பும் இருந்திருக்கிறது. அட்டை அறிக்கையை மனைவிக்குக் காட்டாமல் மடித்துவைக்கும் கணவர்களை நாம் அறிவோம்.

அடுத்து அவர் செய்தவை நமக்குப் பாடம். ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு வாங்கிய அல்ஃகாபா நிலத்தைப் பதினாறு லட்சம் மதிப்பில் பங்கு பங்காக விற்றார். ஒரு கடன்காரர் நான்கு லட்சத்தை விட்டுத்தரவும், தவணை தரவும் முன்வந்தார், இரண்டையும் மறுத்துவிட்டார். வாரிசுகள் பங்கு கேட்டபோது, நான்கு ஹஜ் காலங்களில் அறிவிப்புச் செய்து கடன் கேட்டு எவரும் மீதமில்லை என்றான பின்பே பிரித்துக் கொடுத்தார். நான்கு ஆண்டுகள் ஒரு செல்வக் குடும்பமே காத்திருந்தது.

நம் வீடுகளில் அல்ஃகாபா என்பது பெரும்பாலும் நகை. பயன்படாமல் பெட்டியில் கிடக்கும் நகையை அடகு வைத்து அட்டையை அடைப்பது ஒரு வட்டியிலிருந்து இன்னொரு வட்டிக்குத் தாவுவது. அதன் உரிமையாளரான பெண் மனமொப்பினால் விற்றுத் தீர்ப்பதே நேர்வழி. அவரை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. மஹல்லாவில் வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல்மால் இருந்தால் அங்கே கேட்பதில் வெட்கமில்லை. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்பது குர்ஆன் வகுத்ததே.

பிறகு அன்றாடச் செலவு. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே அட்டையை அலமாரியில் பூட்டிவிட்டு, மாத மளிகையை ரொக்கத்தில் வாங்க வேண்டும். குழந்தையின் பாலையும் பள்ளிக் கட்டணத்தையும் முதியவரின் மருந்தையும் தொட வேண்டாம். தொட வேண்டியவை வேறு: உறவினர் வீட்டு விசேஷத்துக்குக் கௌரவத்துக்காகச் செய்யும் சீர், ஒவ்வொருவருக்கும் இரண்டு பெருநாள் உடுப்பு, தவணையில் மாற்றும் கைபேசி, வாரம் இருமுறை வரவழைக்கும் உணவு. இதில் கடினமானது சீர்தான். ‘இந்த ஆண்டு எங்களால் இயலாது’ என்று சம்பந்தி வீட்டில் சொல்ல, 2,500 ரூபாயைவிட அதிகம் தேவைப்படுகிறது. அதை மூத்தவர் ஒருவர் குடும்பத்தின் சார்பில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், இளம் தம்பதியர் அந்தப் பேச்சைத் தனியே எதிர்கொள்ள வேண்டியிருக்காது.