செட்டிநாட்டு வீடுகள்: தூணும் தரையும் வந்த வழி

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட நேர்ந்தது. தாத்தா காலத்தில் ரெட் ஆக்சைடு இட்டு இழைத்த சிவப்புத் தரை பல இடங்களில் வெடித்துவிட்டது. அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டதால் வழுக்காத தரையாக வேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை. மதுரையில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனையாளர் பளபளக்கும் விட்ரிஃபைடு பலகை ஒன்றை எடுத்து வைத்தார். அதன்மேல் ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை அச்சாகியிருந்தது. "நம்ம பாரம்பரியம் சார்" என்றார். எந்தப் பாரம்பரியம், எத்தனை ஆண்டுப் பாரம்பரியம் என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே உடன் வந்தது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களையே செட்டிநாடு என்கிறோம். மழை குறைந்த செம்மண் பூமி. காடு இல்லை, பளிங்கு இல்லை, பெரிய ஆறும் இல்லை. ஆயினும் இங்குள்ள வீடுகளின் முகப்பில் இரு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத தேக்குத் தூண்கள் நிற்கின்றன. அவை கடல் கடந்து வந்தவை.

1852இல் நடந்த போரில் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதி ஆற்றுப் படுகையின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காடு திருத்தி வயலாக்க பர்மிய உழவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் சிறு உழவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் கடை விரித்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, முதலாளியாகும் அந்த உலகின் ஒரு பகுதியை ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வாசகர்கள் அறிவார்கள். அங்கே ஈட்டிய வட்டிதான் இங்கே வளவும் இரண்டாம் கட்டுமாக எழுந்தது. இன்று நாம் வியந்து பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை 1850க்கும் 1940களுக்கும் இடைப்பட்டவை.

தூணுக்கும் நிலைக்கும் பர்மாத் தேக்கு. தரைக்கு இத்தாலியப் பளிங்கு, சுவரில் மாட்ட பெல்ஜியம் கண்ணாடி, மேல்தளத்தைத் தாங்க இங்கிலாந்தின் வார்ப்பிரும்பு. பூ வேலைப்பாடு கொண்ட மினுமினுப்பான சுவர் ஓடுகள் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்தன. முதல் உலகப் போரில் ஐரோப்பிய வரத்து தடைப்பட்டதும், ஜப்பானியர் அதே ஓடுகளைப் பார்த்துச் செய்து மலிவு விலையில் அனுப்பினர். பெயர்ந்து விழுந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் ஜப்பானின் பெயரைக் காணலாம். அயல்நாட்டுப் பொருளால் வீட்டை அழகுபடுத்துவது நமக்குப் புதிதும் அன்று. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனையில் விளக்கேந்தி நிற்கும் பாவை யவனர் செய்தது என்கிறார் நக்கீரர். வகுப்பில் அந்த இடத்தை நடத்தும்போதெல்லாம் காரைக்குடி முகப்புகள்தாம் என் நினைவுக்கு வரும்.

சுவர்ப் பூச்சு மட்டும் உள்ளூர்க் கைத்திறன். சுண்ணாம்பைப் பல நாள் புளிக்க வைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் பல பூச்சுகள் பூசுவார்கள். கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கரு சேரும். ஈரம் உலரும் முன் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நூறாண்டு கழித்தும் அந்தச் சுவரில் கை வைத்தால் கோடையிலும் குளிர்கிறது. இதற்குப் பொறுமையான கொத்தனார் வேண்டும். எங்கள் ஊரில் நான் தேடியவரை கிடைக்கவில்லை.

இனி, ஆத்தங்குடிக் கல். பலரும் எண்ணுவதுபோல் இது தொன்மையான மரபு அன்று. சூளையில் சுடப்படும் மண் ஓடும் அன்று. இதன் உயிர் சிமெண்ட். போர்ட்லாண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வழங்கப்பட்டதே 1824இல்தான். வண்ணச் சிமெண்ட் கல் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிலும் ஸ்பெயினிலும் வளர்ந்து உலகெங்கும் பரவியது. பம்பாயில் பாரத் டைல்ஸ் நிறுவனம் 1922இல் சுதேசி உணர்வோடு இதே தொழிலைத் தொடங்கியது. ஆத்தங்குடியும் அந்த அலையில் சேர்ந்ததே.

செய்முறையைப் பார்ப்பதற்கென்றே அவ்வூருக்கு ஒருநாள் போனேன். சமதளமான கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைக்கிறார்கள். அதற்குள் பூவடிவ அச்சை இறக்கி, அறை அறையாக வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் செய்கிறார்கள். உலர்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறுகிறது. கண்ணாடியைக் கழற்றும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது. நெருப்பே இல்லாத தொழில். அச்சே இல்லாமல், கையிலிருக்கும் கரண்டியால் வண்ணத்தை இழுத்துப் பூவிதழ் வரைந்துவிடும் கைகளையும் அங்கே பார்த்தேன். கால் பட்டுப் பட்டுத்தான் அந்தத் தரைக்கு மெருகேறும் என்றார்கள்.

இத்தனை அழகுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்த வீடுகளை வியப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவை எட்டியது. அரிசி விலை வீழ்ந்தது. கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலங்கள் வட்டிக்கடைகளின் பெயருக்கு மாறின. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த விளைநிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் 25 விழுக்காடு. அவர்கள் விரும்பியது பணத்தை, நிலத்தை அன்று என்பதும் உண்மையே. வயலை இழந்த உழவனுக்கு அந்த வேறுபாடு எவ்வாறு விளங்கியிருக்கும்? 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது இந்தியர்கள் மூட்டையோடு நடந்தே திரும்பினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1962க்குப் பின் வந்த இராணுவ ஆட்சி எஞ்சியதையும் எடுத்துக்கொண்டது.

வருவாய் நின்றது, வீடு நின்றது. நகரத்தார் மரபில் மணமான ஓர் இணை ஒரு புள்ளி. தலைமுறை பெருகப் பெருக ஒரே வீட்டில் புள்ளிகளும் பெருகின. ஓடு மாற்றுவதற்குக்கூட சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள் அத்தனை பேரும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராதபோது மழை முடிவு செய்தது. விற்பது என்று முடிவானால், முழு வீட்டை வாங்குவாரைவிடத் தூணாகவும் கதவாகவும் வாங்குவாரே மிகுதி. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் பட்டியல் எந்தக் கூரையையும் தாங்காது.

அம்மாவின் அறைக்கும் கூடத்துக்கும் மீண்டும் சிவப்புத் தரையே போட்டோம். பூஜை அறைக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல். வாசலுக்கு ஒரு பழைய நிலை கிடைக்குமா என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். கடைகளில் எனாமல் தட்டுகள், மரப்பாச்சிகள், யாரோ ஒரு மணமக்களின் கறுப்பு வெள்ளைப் படம். பின்கட்டில் கஜலட்சுமி செதுக்கிய தேக்கு நிலை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அளந்து பார்த்தேன். எங்கள் வாசலைவிட ஒன்றரை அடி உயரம் கூடுதல்.

"அதனாலென்ன சார், கீழே அறுத்துத் தர்றேன்" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் வாசலுக்கு உள்ளூர் ஆசாரி வேம்பில் ஒரு நிலை செய்து கொடுத்தார்.